விருந்தாளிகள் கட்டிய வீடு

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சைட் பார்க்கும் உத்தியோகம் என்றால் ஏசி ரூம், கழுத்தில் டை என்று ஊரில் நினைத்துக்கொள்வார்கள். துபாய் வெயிலில் ஃபைலையே குடையாகப் பிடித்து அலைந்த பாவிகளுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். நீங்களும் அப்படி அலைந்தவர் என்றால் என்னைத் திட்டாமல் படிப்பீர்கள்.

தொண்ணூறுகளில் என் வேலை இதுதான்: சொந்தமாக வில்லா கட்டுகிறவரிடம் போய், அங்கே யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். கூலிக்கு வந்தவனோ, சும்மா கைகொடுக்க வந்த சொந்தக்காரனோ, கொத்துக் கரண்டியைத் தொட்டவன் பெயரை வீட்டுக்காரர் சொல்லியாக வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று பிரீமியமும் கட்டவேண்டும். அவன் விழுந்து அடிபட்டால் கம்பெனி பணம் கொடுக்கும். வீட்டுக்காரர் மறைத்திருந்தாலும் கொடுக்கும். அப்புறம் அதை அவரிடம் வசூலித்துக்கொள்ளும். மறைத்தாலும் பணம் உண்டு என்பது சாரத்தின் மேல் நிற்கிற ஒருத்தனுக்கும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் ஆசையும் கிடையாது.

மூன்று பேர் கட்டும் மாளிகை

ரஷிதியா பக்கம் ஒரு அர்பாப். அங்கே முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். ரிட்டையர் ஆன அரசாங்க அதிகாரி, தங்கமான மனுஷன், போனதும் பேரீச்சம்பழத் தட்டை நீட்டுவார். கட்டுவதோ இரண்டு மாடி, சுற்றுச்சுவர், கார் நிறுத்த கொட்டகை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று பேர் என்றார். அவர் சொல்லும்போதே தலைக்கு மேலே தடதடவென்று ஒரு பட்டாளமே ஓடுகிற சத்தம்.

மேலே பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு இன்னொரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து, சதீக் என்று அரபியில் என்னை நண்பனாக்கி, மீதியை ஹிந்தியில் சொன்னார்: "என் மண், என் சிமெண்ட், என் வீடு. உன்கிட்ட நான் எதுக்குக் கணக்குச் சொல்லணும், சதீக்?"

டீ நேரம்

எங்கள் ஆபீஸின் வெள்ளைக் கார் தெரு முனையில் திரும்பினால் போதும், அந்த வில்லாவின் ஃபோர்மேன் கதிரேசன் ஒரு விசில் அடிப்பார். அவ்வளவுதான். சாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் குதித்து இறங்கி, கையைக் கழுவி, நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு டீ கிளாஸைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லாரும் விருந்தாளிகள்! பாதிப் பேர் வேறு கஃபீல், அதாவது வேறொரு முதலாளி, எடுத்துக்கொடுத்த விசாவில் வந்தவர்கள். இங்கே வேலை செய்து மாட்டினால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால் புதிதாக வருகிறவனுக்கு கதிரேசன் சாந்து கலக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவார்: ஃபைலோடு எவன் வந்தாலும் 'சும்மா டீ குடிக்க வந்தேன்' என்று சொல்.

"யோவ், விழுந்தா பணம் கிடைக்கும்யா. வேலை செஞ்சேன்னு உண்மையைச் சொன்னாத்தான் கிடைக்கும்" என்று அவரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "விழுந்தாத்தானே சார்" என்று சிரித்தார்.

அந்த வட்டத்தில் அறந்தாங்கிக்காரன் செல்வராஜ் இருந்தான். அருமையான கொத்தனார். அவன் பூசின சுவரில் முகம் பார்க்கலாம். கழுவியும் போகாத சிமெண்ட் முழங்கை வரை அப்பியிருக்க, தன் கிளாஸை எனக்கு நீட்டினான். நீ பூச்சு வேலைதானே செய்கிறாய் என்று கேட்டதற்குக் கண்ணடித்துச் சொன்னான்: "சார், நீங்க வராத அன்னிக்கு ஒரு தடவை வாங்க, வேலைன்னா என்னன்னு காட்டுறேன்."

வாக்குமூலம்

சாரத்துப் பலகை நழுவி செல்வராஜ் மாடி உயரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி சாரம் ஏறவே முடியாது, குத்துக்காலிட்டு உட்காரவும் முடியாது என்றார் டாக்டர். ஆனாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அடிபட்டவன் தன் வாயால் 'வேலை செய்தேன்' என்று சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். கிளெய்ம் எழுதும் கராச்சிக்கார பாயையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டில் ஓரத்தில் கதிரேசன் நின்று அழுதுகொண்டிருந்தார். செல்வராஜின் நகக்கண்ணில் சிமெண்ட் அப்படியே இருந்தது. என்ன நடந்தது என்று பாய் கேட்டார். செல்வராஜ் அவர் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தான். "டீ குடிக்க வந்தேன்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழில் கத்தினேன். "அட மடையா! வேலை செஞ்சேன்னு சொல்லுடா, பணம் வரும். இல்லேன்னா ஒண்ணும் கிடையாது!" விசா போய்விடுமே சார் என்றான். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எந்த விசாவில்டா வேலை செய்யப்போகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. "நானே சொல்றேன், சொல்லிருடா தம்பி" என்று கதிரேசனும் கெஞ்சினார். நானும் அவரும் சேர்ந்து அவனைச் சோதிக்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ, பாயின் பக்கம் திரும்பி இன்னும் அழுத்தமாகச் சொன்னான்: "டீ குடிக்கத்தான் சார் வந்தேன். சக்கரை கம்மியா இருந்துச்சு, அதுகூட ஞாபகம் இருக்கு."

கையில் என்ன இருந்தது

எங்கள் மேனேஜர் மயிலாப்பூர்க்காரர், நன்றாகப் படித்தவர். அவர் மேஜை முன்னால் நின்று சண்டை போட்டேன். அவன் கொத்தனார் சார், அந்த சைட்டுக்குப் போனபோதெல்லாம் நானே பார்த்திருக்கிறேன் சார் என்றேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ பார்க்கும்போது அவன் கையில் என்ன இருந்தது என்றார். என்ன சொல்ல? டீ கிளாஸ் என்றேன். பேனாவை மூடி வைத்தார். "அப்புறம் என்னய்யா? டீ குடிக்க வர்றவனுக்கெல்லாம் பணம் கொடுக்கணும்னா, கம்பெனியை மூடிட்டு டீக்கடைதான் வைக்கணும்."

குடிபுகும் நாள்

அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் கூட இருந்தவர்கள் காசு சேர்த்து செல்வராஜை ஊருக்கு அனுப்பினார்கள். வீல்சேரில்தான் விமானம் ஏறினான். கொஞ்ச நாளில் வில்லா முடிந்து அர்பாப் விருந்து வைத்தார். ஆபீஸ் சார்பில் போகச் சொன்னார்கள், போனேன். முழு ஆட்டைச் சோற்றின் மேல் கிடத்தி வைத்திருந்தார்கள். நான் சாப்பிட உட்கார்ந்த இடத்துக்கு எதிரே செல்வராஜ் பூசின சுவர், வழவழவென்று. கை சோற்றில் இறங்கவே இல்லை.

அர்பாப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நல்ல கறியாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். அவர் மனசில் கள்ளம் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு எரிகிறது. என் தோளைத் தட்டிச் சொன்னார்: "உங்க ஆளு டீ குடிக்க வந்து என் சாரத்தை உடைச்சுட்டான். பாவம், போகட்டும்னு நான் கேஸ் போடலை."

அந்த உத்தியோகத்தில் இருந்தவரை நான் பார்த்த வில்லாக்களில் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்கள் விருந்தாளிகள்தான். விருந்து வைத்த அன்றைக்கு மட்டும் அவர்களில் ஒருத்தருக்கும் அழைப்பு கிடையாது.