அக்கா நிற்காத தேர்தல்

போன வெள்ளிக்கிழமை மாங்காடு கோயிலில் எல்லாரும் கற்பூர ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது நான் மட்டும் தூணோரம் ஒதுங்கி நின்றேன். "இன்னும் அந்தப் பழசா?" என்றாள் மனைவி. பழசுதான். கற்பூர வாசனை வந்தாலே எனக்கு உள்ளங்கை சுடும். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு தேர்தலையே இந்தக் கையால் நடக்கவிடாமல் செய்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், பெண்களுக்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் பஞ்சாயத்துத் தேர்தல் அது. வெள்ளானூர் பக்கம் எங்கள் ஊர். நான் ஆவடியில் தொழிற்சாலை கிளார்க். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. எழுதுவதற்கு ஒன்று, பார்ப்பவர்களுக்கு ஒன்று.

தலைவர் பதவி பெண்களுக்கு என்றதும் என் அக்கா சரோஜா மனு கொடுத்துவிட்டாள். அவளுக்கு இருந்தது இரண்டு எருமையும் நிறையப் பிடிவாதமும். ஊர் மந்தைவெளியை யாரோ சங்கிலி போட்டு அளப்பதைப் பார்த்துவிட்டாள். "இதுவும் பிளாட்டாப் பூட்டா மாட்ட எங்கடா ஓட்டிகினு போவேன், உன் பேக்டரிக்கா?" என்றாள். குடைச் சின்னம் கேட்டிருந்தாள். வாபஸ் நாள் முடிந்தால்தான் சின்னம் தருவார்கள் என்று நான் சட்டம் பேசினேன். அவள் அதற்குள் பள்ளிக்கூடச் சுவரில் கரியால் குடை வரைந்தே விட்டாள். பார்க்கக் காளான் மாதிரி இருந்தது.

எதிரே நின்றது நாட்டாமை வீட்டு மருமகள். அந்த இருவருக்குள்தான் போட்டி. வாபஸுக்கு முந்தின நாள் காலை அம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம். எனக்கு நாற்காலி போட்டார்கள். அதுவரை அங்கே நான் உட்கார்ந்ததெல்லாம் தரையில்தான்.

"வா நைனா, படிச்சவன் நீ. எலக்சன் வந்தா ஊரு ரெண்டாப் பூடும். போட்டியில்லாம முடிச்சுக்கலாம். மந்தையத் தொட மாட்டோம், கற்பூரம் அணைக்கிறேன்" என்றார் நாட்டாமை.

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. மீறினால் அணைத்தவனுக்கு ஆகாது என்பார்கள். அவர் மந்தைக்காக அணைத்தார். அக்கா விலகிக்கொள்வாள் என்று நான் அணைத்தேன். அக்காவைக் கேட்டேனா? நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அதெல்லாம் தோன்றுமா?

வரட்டி தட்டிக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். நிமிர்ந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடா நீ அணைச்சே? இப்போ நான் நின்னா உனக்கில்ல ஆவாது?"

மறுநாள் பஸ் ஏறிப் போய் வாபஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அன்று சாயங்காலமே போட்டியின்றித் தேர்வு என்று பட்டாசு வெடித்தார்கள். எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு முன்பே மந்தையில் கல் நட்டார்கள். கேட்கப் போனேன். "காலம் மாறிப்போச்சு நைனா" என்றார் நாட்டாமை. இந்த முறை நாற்காலி இல்லை. சத்தியத்தை மீறிய அவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. அதை நம்பி விலகியது அக்கா மட்டும்தான்.

மேய்க்க இடமில்லாமல் அவள் எருமைகளை விற்றாள். என்னைத் திட்டியதில்லை. கடைசிவரை ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நின்னிருந்தா எவ்ளோ ஓட்டுடா உழுந்திருக்கும்? தோத்தாலும் பரவால்ல, எத்தினி பேரு எம் பக்கம்னு தெரிஞ்சிருக்கும்ல?"

"என் ஓட்டு நிச்சயம்க்கா" என்றேன் ஒருமுறை.

"உன் ஒருத்தனாலதான்டா தோத்தேன்" என்றாள், சிரிக்காமல்.

மந்தைவெளி இப்போது நான்கு தெரு. பள்ளிக்கூடச் சுவரை இடித்த அன்று போய்ப் பார்த்தேன். அந்தக் குடை எத்தனையோ வெள்ளையடிப்புக்கு அடியில் இருந்திருக்கும், செங்கல்லோடு லாரியில் போய்விட்டது. அக்காவும் போய்விட்டாள். அவளுக்கு எத்தனை ஓட்டு என்று இனி யாரைக் கேட்டாலும் தெரியாது.