யாருக்காக இந்த மொட்டை

அம்மாவைப் புதைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தைவிட்டு வெளியே வந்ததும் பெரியப்பா என்னைத் தனியாக இழுத்தார். அப்பாவின் அண்ணன். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர், கடைசிவரை கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"பெத்தவளுக்கு நீ ஒரே புள்ள. மொட்டை போடாம இருந்தா நல்லாவாடா இருக்கு?"

அம்மாவின் தம்பி, என் மாமா, அதைக் கேட்டுவிட்டார். "நமக்கு அதெல்லாம் கிடையாது மாப்ள. சர்ச்சுல பூசை வச்சாப் போதும்."

நான் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவாள். வெள்ளிக்கிழமை அப்பா படத்துக்கு விளக்கேற்றுவாள். நீ எந்தச் சாமிடா என்று பட்டறையில் கேட்டால், "எங்கம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்பேன். சிரிப்பார்கள். இப்போது கேட்க ஆளில்லை.

மூன்றாம் நாள், அரியமங்கலத்தில் நான் வேலை செய்யும் வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்துச் சலூனில் போய் உட்கார்ந்தேன். மொட்டை என்றேன்.

"வேண்டுதலா தம்பி, சாவா?"

"ஏண்ணே?"

"வேளாங்கண்ணிக்குன்னா மீசைய விட்ருவேன். சாவுன்னா அதையும் எடுக்கணும்ல."

"மொதல்ல தலைய எடுங்கண்ணே."

முடி இறங்கியதும் கண்ணாடியில் அம்மா இருந்தாள். ஆஸ்பத்திரி மருந்தில் முடி மொத்தமும் கொட்டிப்போன கடைசி மாதங்களில், அவள் தலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டவன் நான். அதே நெற்றி மேடு, அதே விரிந்த காது. பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னை அப்பா சாயல் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மூக்குக்குக் கீழே மட்டும்தான் அப்பா இருந்தார்.

"மீசையும் எடுத்துருங்க" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பெரியப்பா தோளைத் தட்டினார். "என் தம்பி ரத்தம்டா! சும்மா போகுமா?"

ஏழாம் நாள் பூசையில் மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "குழி மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள கட்சி மாறிட்ட."

"இல்ல மாமா, அது வந்து..."

அவர் எழுந்து முன்வரிசைக்குப் போய்விட்டார். இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? அம்மா முகம் வேண்டும் என்று மீசையை எடுத்தேன் என்றா? வளர்ந்த ஆம்பிளை சொல்கிற பேச்சா அது?

இன்றோடு பன்னிரண்டு நாள். தலை சொரசொரக்கிறது. உதட்டுக்கு மேலே கறுக்கிறது. காலையில் பார்த்தால் அவள் பாதிதான் தெரிகிறாள். மறுபடியும் எடுத்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. ஆனால் சலூன்காரர், "என்ன தம்பி, இப்ப யாரு?" என்று கேட்பாரே. அந்தக் கடை வந்ததும் தலையைக் குனிந்து வண்டியை முறுக்குகிறேன்.