பொட்டு வைத்த பெட்டியில் எந்த விண்டோஸ்

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன விண்டோஸ் வச்சிருக்கீங்க?" என்பதைத்தான். வரும் பதில்களை மனத்துக்குள் வகை பிரித்து வைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துக் காட்டுபவர்கள் ஒரு வகை. விற்றவர் சொன்னதைச் சொல்பவர்கள் இன்னொரு வகை. "நீலக் கலருங்க மேடம்" என்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வழியைத்தான் சொல்கிறேன். விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வருகிற சின்னக் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'வின்வெர்' என்று அடித்து என்டர் தட்ட வேண்டும். உண்மை அங்கே இருக்கும்.

அந்த ஆறு எழுத்துகளை முதன்முதலாக நான் அடித்தது ஐந்தாம் வகுப்பில், சுரக்குடி வீட்டுக் கூடத்தில். அடித்து முடித்ததும் அம்மாவின் வேலையை நானே கெடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியவர் சித்தப்பா. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தார். அறைக்கு வருபவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை என்பதால் எங்கள் வீட்டில் அவர்தான் நிபுணர். காரைக்காலில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடைக்கு அப்பாவையும் என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர் திரையைக் காட்டி, "விண்டோஸ் செவன் சார், சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. சனிக்கிழமை கொண்டுவந்து இறக்குவதாகச் சொன்னார்.

அப்பா ஒப்பவில்லை. சனிக்கிழமையில் இரும்பு வீட்டுக்குள் வரக்கூடாது.

"அண்ணே, இது கம்ப்யூட்டருண்ணே. இரும்புச் சட்டியா?" என்றார் சித்தப்பா.

அப்பா பெட்டியின் பக்கவாட்டில் விரலால் தட்டினார். டங் என்றது. "இரும்புதாண்டா" என்றார். கடைக்காரருக்கு இது புதிதில்லை போலும். சீட்டில் ஞாயிறு என்று திருத்தி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்து கூடத்து மேசையில் உட்கார்ந்தது. சாமி விளக்கை ஏற்றிவிட்டு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பெட்டியின் முன்பக்கத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு அதன் நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில், சதுரமாக ஏதோ ஒட்டியிருந்ததன் மேல், சந்தனத்தை அப்பி நடுவே குங்குமம் வைத்தார்.

"என்ன அண்ணி, மாட்டுப் பொங்கலா? பெட்டி முட்ட வந்துடப் போவுது" என்றார் சித்தப்பா.

"இருக்கட்டும் தம்பி, கண்ணு படாம இருக்கும்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில் புதுப் பொட்டு ஏறியது. வைத்த குங்குமத்தைச் சுரண்டும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பொட்டு தடித்துக்கொண்டே போனது.

கம்ப்யூட்டரில் நான் படம் வரைந்தேன். சித்தப்பா சீட்டு விளையாடினார். உண்மையில் அதில் வேலை செய்யத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். கல்யாணத்துக்கு முன்பு டைப்பிங் ஹையர் முடித்தவர். பள்ளிக்கூடத்துக்கு என் கட்டுரைகளை அடித்துக் கொடுக்கும்போது பேப்பரை மட்டும்தான் பார்ப்பார். விரல்கள் தங்கள் பாட்டுக்கு ஓடும். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்க்கும்போதும் நிற்காது.

அப்போதுதான் காரைக்காலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு ஏற்ற ஆள் தேவை என்று அம்மாவின் பழைய தோழி மூலம் சேதி வந்தது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். அப்பா கெட்டவர் இல்லை, எதையும் யோசிப்பவர். முடிவில், "வீட்டுல உக்காந்தே பாக்குற மாதிரின்னா பாரு. தினமும் பஸ்ஸுல போயி வர்றதெல்லாம் வேணாம். அதான் வீட்டுலயே கம்ப்யூட்டர் இருக்குல்ல" என்றார். தன் கம்ப்யூட்டருக்கு இப்படி ஒரு பெருமை வந்ததில் சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அம்மா, "சரிங்க" என்றார்.

அந்த அலுவலகத்து மேடம் மறுநாள் போனில் பேசினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய புரோகிராம் விண்டோஸ் செவனில்தான் ஓடுமாம், அதற்குக் கீழே இருந்தால் ஏறவே ஏறாதாம்.

"செவன்னுதாங்க மேடம் சொல்றாங்க" என்றார் அம்மா.

அந்தப் பக்கம் இருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. "சொல்றாங்கன்னா? நீங்க பாத்தீங்களாம்மா?"

அம்மா சிரித்தார். எந்தப் பட்டன்களை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னார். படத்தைப் பார்த்து ஏமாறக்கூடாதாம். கீழே பொடி எழுத்தில் ஆறு புள்ளி ஒன்று என்று இருந்தால்தான் அது செவனாம். ஏழுக்கு ஏன் ஆறு என்று போட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது தொழிலே அதுதான் என்றாலும், நியாயமான காரணம் இருப்பதாக இன்றும் தோன்றவில்லை.

போனை வைத்ததும் அம்மா உடனே பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. உலை வைக்கப் போனார். சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து, சித்தப்பாவும் லாட்ஜிலிருந்து வந்து, இருவரும் டீயைக் கையில் எடுத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. அந்த மேடம் சொன்னதை அடிச்சுப் பாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியில் தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தேன். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.

"வி எங்கடி இருக்குன்னு வெத்தலைல மை போட்டுப் பாக்குறியா?" என்றார் சித்தப்பா.

கட்டம் திறந்தது. மேலே செவன் என்று பெரிய படம். "பாத்தீங்களா!" என்று சித்தப்பா தொடையில் தட்டினார்.

"கீழ பொடி எழுத்தைப் படி பாப்பா" என்றார் அம்மா.

"அஞ்சு புள்ளி ஒண்ணு" என்றேன்.

"சத்தமா படி."

நான் சத்தமாகப் படித்தேன். டீயை உறிஞ்சும் சத்தம் நின்றது. சித்தப்பா எழுந்து வந்து மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். செவனுக்கு முன்னால் வந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஏழின் சட்டையை மாட்டி விற்றிருக்கிறார் கடைக்காரர். சித்தப்பாவின் காது சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "அந்தாளை..." என்று தொடங்கியவர், நான் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா, "லாட்ஜு கம்ப்யூட்டரையும் நல்லா பாத்துக்கடா" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவன் இல்லையென்றால் வேலை இல்லை. நான் சத்தமாகப் படித்ததால்தான் இப்படி ஆயிற்று. கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அம்மா வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீ சரியாத்தான் படிச்ச. இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லாதது எனக்கு இன்னும் அழுகையைத் தந்தது. எனக்காக மறைக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மாவே மேடத்துக்குப் போன் போட்டார். "ஆமாங்க மேடம், அஞ்சு புள்ளி ஒண்ணுதான்... மெமரி சேர்த்தாவா... அப்படிங்களா... அங்க ஒரு சிஸ்டம் சும்மா இருக்குங்களா?... கேட்டுட்டு சொல்றேங்க."

அப்பாவிடம் வந்து சொன்னபோது பேச்சு சுருக்கமாக இருந்தது. "ஏங்க, நம்ம கம்ப்யூட்டர்ல அது ஓடாதாம். ஆபீஸ்ல ஒண்ணு சும்மா கெடக்காம். வர்றதுன்னா திங்கக்கெழமையிலேருந்து வரச் சொல்றாங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். யோசிக்கப் போகிறார் என்பதற்கு அது அடையாளம். அவர் யோசித்து முடிக்குமுன் சித்தப்பா பேசினார். "போயிட்டு வரட்டும்ண்ணே. நான் வாங்குன லட்சணத்துக்கு அண்ணி வேலை ஏன் போவணும்? காலையில லாட்ஜுக்குப் போறப்ப பஸ்ஸுல ஏத்திவுட்டுட்டுப் போறேன்."

தம்பியின் முகத்தைப் பார்த்த அப்பா, "சரி, பஸ்ஸு கூட்டமா இருந்தா அடுத்ததுல ஏறு" என்றார்.

திங்கட்கிழமை அம்மா இஸ்திரி போட்ட பருத்திப் புடவையில் கிளம்பினார். சித்தப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, திருப்பத்தில் எனக்குக் கையாட்டினார். அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததில்லை. இன்றும் அதே அலுவலகத்துக்குத்தான் போகிறார். இப்போது புதிதாக வரும் பெண்களுக்குக் கணக்கு ஏற்றக் கற்றுக்கொடுப்பது அவர்தான். என்னைக் கம்ப்யூட்டர் படிக்கவைக்க வேண்டும் என்று அப்பாவிடம் முதலில் பேசியவரும் அவர்தான்.

போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட எடுத்தார்கள். பொட்டோடு போடக்கூடாது என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பல வருடத்துக் குங்குமத்துக்கு அடியில் அந்தச் சதுர ஸ்டிக்கர் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. முதல் நாள் விளக்கு வெளிச்சத்தில் அம்மா அதைத்தான் உற்றுப் பார்த்தார். சித்தப்பா ஆசையாக வாங்கிவந்ததை எல்லார் முன்னாலும் குறை சொல்லாமல் சந்தனத்தை அப்பினார்.

மெமரி சேர்த்தால் வீட்டிலேயே செவன் போட்டுக்கொள்ளலாம் என்று மேடம் போனில் சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. எத்தனையோ பேருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

இவையெல்லாம் பின்னால் ஒவ்வொன்றாகப் புரிந்தவை. அன்று தலையணை மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றாமல் போன கேள்வி ஒன்றுதான். விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கத் தெரிந்தவர் என் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது, அந்த ஆறு எழுத்துகளை அடிக்க என்னை ஏன் கூப்பிட்டார்?