மிஞ்சிய ஓர் இழை

காத்தான்குடி அசனாருக்குக் கோபம் வந்தால் தறியோடுதான் பேசுவார். மனிதரோடு பேசினால் சண்டையாகிவிடும் என்பது அவருக்கே தெரியும். பத்தொன்பது வருடமாக இடுப்பில் உடுத்தும் சாரன் நெய்தவர். வேறு தொழில் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு ஏறாவூர்க் கடைக்காரர் மஜீட் ஒரு மில் சாரனைக் கொண்டுவந்து விரித்தார். கோடுகளெல்லாம் ஒரே அகலம்; இழை எண்ணிப் பார்த்தாலும் கூடாது, குறையாது. கைத்தறியில் இப்படி முடியுமென்றால் வருடம் முழுக்க அசனாரிடமே எடுப்பேன், முடியாதென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ரயிலேறிக் கொழும்பு மில்லில் பேசிவிடுவேன் என்றார்.

தறியில் நெடுக்கு நூலான வெள்ளைப் பாவு ஏறியிருந்தது. அதை ஓட்டியவள் மனைவி கைறுன்னிஸா. அதன் எண்ணிக்கைப்படிதான் அடுத்த பாவுக்குச் சாயநூலை ஒரே அகலக் கோடுகளாக, மிச்சமில்லாமல் பங்கிட வேண்டும். அசனார் எண்ணினார். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று.

இரண்டாகப் பிரித்தார், ஒன்று மிஞ்சியது. மூன்றாகப் பிரித்தார், அப்போதும் ஒன்று. பத்து வரைக்கும் அதே ஒன்று, போக மனமில்லாத விருந்தாளிபோலக் குந்திக்கொண்டிருந்தது. பதினொன்றுக்கு இரண்டு மிஞ்சியது, பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு. கணக்குக்கு வைத்திருந்த புளியங்கொட்டையை வாரி முற்றத்தில் எறிந்துவிட்டு, பிறகு அவரே குனிந்து பொறுக்கினார்.

ஓர் இழையை உருவிவிட்டால் என்ன என்றும் யோசித்தார். பாவில் இழை குறைந்தால் பறக்கத்து, அதாவது இறைவன் தரும் வளம், குறையும் என்பது வாப்பா காலத்துப் பேச்சு. கை வரவில்லை.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன கணக்கு என்று கைறுன்னிஸா கேட்டதற்கு, உனக்கு விளங்காது என்று சீறினார். ஒவ்வோர் எண்ணாக வகுத்துப்போய் ஐம்பதோடு நிறுத்தினார். ஐம்பத்தொன்றை ஐம்பத்தொன்றால் பெருக்கினாலே பாவைத் தாண்டிவிடுகிறது; அதற்கு மேல் ஏதாவது சரியாக வகுக்குமென்றால் அதன் ஜோடியான சின்ன எண் முன்னமே அகப்பட்டிருக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமல் இதைக் கண்டுபிடித்தபோது ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் அழுகை வந்தது. இந்த எண் எதற்கும் உடையாது.

வெள்ளிக்கிழமை ரயிலடிக்குப் போய் மஜீட்டிடம் அதைத்தான் சொன்னார். எந்தக் கணக்கப்பிள்ளை வந்தாலும் பிரிக்க முடியாது என்று அடித்துப் பேசினார். மஜீட் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரயிலேறினார்.

வீட்டுக்கு வந்து தறிக்காலை உதைத்தார். கைறுன்னிஸா மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சொன்னார்.

“இருபத்தொண்டா?” என்றாள் அவள். “பாவு இருபதுதானே. கடைசி இழை கணக்கில்ல. எண்ணி முடிஞ்ச மறுகா பறக்கத்துக்கு எண்டு கரையோரம் ஒண்டு போடுவன். உம்மா பழக்கின பழக்கம். தறியால இறக்கினதும் உருவி எடுத்திருவன்.”

அசனார் மறுபடி பிரித்துப் பார்த்தார். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. இரண்டிலிருந்து பத்து வரை எதற்கும் மிச்சமில்லாமல் பிரியும் எண். மஜீட் கேட்ட கோடுகளை எட்டாகவும் போட்டிருக்கலாம், பத்தாகவும் போட்டிருக்கலாம்.

“ஏன் புள்ள செல்லல்ல?”

“நீங்க கேக்கல்லையே.”

உருவின இழையை என்ன செய்வாய் என்று கேட்டார், கேட்க வேறொன்றும் இல்லாததால். அவள் அவருடைய இடுப்பைக் காட்டினாள். அவர் உடுத்திருந்த சாரனை மூட்டியிருந்த தையல் முழுக்க அந்த நூல்தான்.