நான் பார்த்தும் சொல்லாத நார்

ராஜபாளையம் மில்லில் பதினெட்டு வருடம் நூலைக் கண்ணால் பார்த்துக் குறை கண்டுபிடித்தவள் நான். கேமரா வைத்த இயந்திரம் வந்ததும் மேனேஜர், "இனி ஒங் கண்ணு எதுக்கு, வெளக்கமாறு போதும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். மகளின் படிப்பை நினைத்து, விளக்குமாற்றை வாங்கிப் பெருக்கினேன்.

ஒரு நாள், பஞ்சில் கலந்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு நார் நூலோடு ஓடியது. வெள்ளையில் வெள்ளை கேமராவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. மேனேஜர் அவமானப்படட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

சாயம் ஏறாத அந்த நாரால் சரக்கு திரும்பி வந்தது. மேனேஜர் தப்பித்துக்கொண்டார். இயந்திரத்தைக் கவனித்த மம்சாபுரத்துச் செல்விக்கு வேலை போனது. கேட்டருகே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கன நீங்க இருந்திருந்தா விட்டிருக்க மாட்டீகக்கா" என்று அழுதாள்.

மறுநாள் அவள் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். மேனேஜரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. செல்வி போன் செய்தால்தான் எடுக்க முடியவில்லை.