அங்கிள் சொன்னதும் நான் சொன்னதும்

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேல் போவதற்காக, நாற்பது வயதில் எபிரேயம் படித்தேன். டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் வகுப்பு. இஸ்ரேலில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு மலையாளி அக்காதான் டீச்சர். மூன்றாவது வாரம் ‘அமார்’ என்று பலகையில் எழுதினார். ‘சொன்னார்’ என்று அர்த்தம். இனி இந்த ஒரு வார்த்தையில்தான் உங்கள் பிழைப்பு, பெரியவர் சொன்னதைப் பிள்ளைகளிடமும் டாக்டரிடமும் அப்படியே சொல்ல வேண்டும், இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று இந்தியில் கண்டிப்பாகச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டெல்லியில் பதினோரு வருடமாக நான் செய்ததே மாற்றிச் சொல்வதைத்தான். வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் எங்கள் எல்லோருக்கும் அது பழக்கம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் போன் செய்தால் சாப்பிட்டார், தூங்கினார், நல்லா இருக்கேன்னு சொன்னார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டோம். பிள்ளை பதறிப்போய் வந்து இறங்கினால் பெரியவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அப்போது லக்ஷ்மிபாய் நகர் பக்கம், மனைவியை இழந்த ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள் என்று கூப்பிடுவேன். ஒரே மகன் கனடாவில். மாலையில் இரண்டு மணி நேரம், போய்ப் படி என்று என்னை வகுப்புக்கு அனுப்பியதே அங்கிள்தான். அந்த வாரம் ஒருநாள் மதியம் தட்டைப் பாதியில் தள்ளி வைத்தார்.

“அவனை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லும்மா. நான் கூப்பிட்டா பிஸிம்பான். நீ சொன்னா கேப்பான்.”

“அச்சா அங்கிள், சொல்றேன்.”

சொல்லவில்லை. மகன் போனில் கேட்டபோது, “நல்லா இருக்கேன்னு சொன்னார் சார்,” என்றேன். என் விசா வர இரண்டு மாதம் இருந்தது. அதுவரை இந்த வேலை நிலைத்தால் போதும் என்பதுதான் என் கவலை.

அன்று வகுப்பில், நீங்கள் பார்த்துக்கொள்பவர் சொன்ன ஏதாவது ஒன்றை எபிரேயத்தில் சொல்லுங்கள் என்றார் டீச்சர். என் முறை வந்தபோது வேறெதுவும் வாயில் வரவில்லை. “ஹூ அமார் ஷெஹபேன் யாவோ.” ‘மகன் வர வேண்டும் என்று அவர் சொன்னார்’ என்று அர்த்தம். ஒரு பிழையும் இல்லையென்று டீச்சர் மெச்சினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். நாளை நாளையென்று ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் காலையில் காபியோடு போய் எழுப்பினேன். அங்கிள் எழுந்திருக்கவில்லை.

மகன் வந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“சிஸ்டர், கடைசியா அப்பா ஏதாவது சொன்னாரா?”

அங்கிள் சொன்னது வாய் வரைக்கும் வந்தது.

“நல்லா இருக்கேன்னுதான் சொன்னார் சார்.”

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தினமும் நீங்க சொன்னதை நம்பித்தான் சிஸ்டர், நான் அங்க நிம்மதியா இருந்தேன்.”