கழுவிக் கொண்டுவந்த டம்ளர்கள்

எண்பதுகளின் கடைசியில், கடத்தூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், அப்பா ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வைத்த வீடு கட்டினார். வீடு மந்திரிக்க மாதா கோயில் சாமியார் வருவதாக ஏற்பாடு. எனக்கு அப்போது தருமபுரி டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். லீவு என்று பேர்தான். விசேஷம் என்றால் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிணற்றடியில்தான் பொழுது போகும். வாடகைக்கு வாங்கி வந்த எவர்சில்வர் டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி அனுப்ப அனுப்ப, எச்சில் டம்ளர்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

அதனால், பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் அட்டைப் பெட்டிகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அதிகமாகச் சந்தோஷப்பட்டது நான்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பிளாஸ்டிக் டம்ளர்கள். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை.

"குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். பெங்களூர்ல இப்ப இதுதான்" என்றார் அண்ணன்.

அம்மா நம்பவில்லை. "நல்லா இருக்கிற டம்ளரை எதுக்குடா தூக்கிப் போடணும்?"

"கழுவற வேலை மிச்சம்மா."

அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லதாப் போச்சு. காலனிக்காரங்களுக்கும் இதுலயே குடுத்துடலாம். தனியாப் பாக்க வேண்டியதில்ல" என்றார்.

எங்கள் காட்டில் களை எடுக்கவும் கடலை பிடுங்கவும் காலனியிலிருந்துதான் வருவார்கள். அவர்களுக்கென்று மாட்டுக் கொட்டகையின் கூரை இறவாணத்தில் அலுமினிய டம்ளர்கள் செருகியிருக்கும். காப்பி குடித்துவிட்டு, அவர்களே கழுவி, அவர்களே திரும்பச் செருகிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்களும் நாங்களும் ஒரே சாமியார் கையால்தான் நாக்கில் நன்மை அப்பம் வாங்குவோம். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து நான் அதுவரை யோசித்ததில்லை. அப்பா சொன்னது எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது.

மந்திரிப்பு முடிந்ததும் தட்டில் காப்பியை எடுத்துக்கொண்டு போனது நான்தான். முதலில் சாமியாருக்கு, அடுத்து அத்தைமார், மாமன்மார், பிறகு வாசல் பந்தலுக்கு வெளியே நின்றவர்களுக்கு. அவர்களில் ஒரு பெண் எங்கள் காட்டில் வெகு காலமாக வேலை செய்தவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் நாங்கள் எல்லோரும், நான் உட்பட, அவரைப் பேர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிடுவோம். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பந்தலுக்குள் சாமியார் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"சாமியாருக்கும் இதேதானுங்களா, பாப்பா?"

"ஆமா, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குடித்துப் போட்ட டம்ளர்கள் வீட்டுக்குப் பின்னால் குவிந்தன. ஆனி மாதக் காற்று. மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் பறந்துவிட்டன. கடலைக் காட்டில், வேலி முள்ளில், ஓடைக்கரையில் எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போகாத விசேஷம் அதுதான் என்று அம்மாவும் நானும் பேசிச் சிரித்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் அவர் தலையில் ஒரு கூடையோடு வந்தார். வாசலில் இறக்கி வைத்தார். கூடை நிறைய அந்த டம்ளர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஈரம்கூடக் காயாமல் இருந்தன.

"அம்மாங்க, காத்துல உங்க டம்ளருங்க காடு பூரா பறந்துடுச்சுங்க. ஓடையில கூடக் கெடந்துச்சு. நானும் எம் மருமவளும் பொறுக்கினு வந்து கழுவிட்டோமுங்க. கொஞ்சம் கீறிப் போயிருக்கு. அது எங்க கையில ஆனதில்லீங்க."

அம்மா என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாமியாருக்குக் குடுத்ததுலயே எங்களுக்கும் குடுத்தீங்க. அதை அப்படியே உட்டுட்டுப் போக மனசு வரலீங்க" என்றார் அவர்.

உள்ளேயிருந்து வந்த அப்பா கூடையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அட, இதைப் போயி கழுவினியா? இது ஒரு வாட்டிக்குத்தான். குடிச்சா தூக்கிப் போடறது. அதனாலதானே எல்லாருக்கும் அதுல குடுத்தோம்."

அப்பா கெட்ட எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கூடை கொண்டுவந்தவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் போய்விட்டது.

"அப்படிங்களா. எனக்குத் தெரியாதுங்க."

குனிந்து டம்ளர்களைச் சுவரோரமாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். கூடை அவருடையது அல்லவா.

"இரு, காப்பி குடிச்சிட்டுப் போ" என்று அம்மா உள்ளே போனார். போசியில் காப்பியோடு வெளியே வந்தவர் வாசல் கதவோர அலமாரியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளர்களைத் தாண்டித்தான் வந்தார். சுவரோரம் இருந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, அதில் ஊற்றிக் கொடுத்தார். அலமாரி எனக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கையை நீட்டவில்லை.

அவர் குடித்து முடித்தார். பழக்கத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தவர், பாதியில் நின்று திரும்பினார்.

"இதைக் கழுவணுங்களா, போட்டுடணுங்களா?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்மா போசியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்டவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா அந்தக் குவியலுக்குத் தீ வைத்தார். கரும்புகை வீட்டுக்குள் புகுந்து, புதுச் சுண்ணாம்பு வாசனையை அடித்துவிட்டு நாறியது. உருகியதெல்லாம் கட்டியாக மண்ணோடு ஒட்டிக்கொண்டது. நான் அண்ணனிடம் காலையில் நடந்ததைச் சொன்னேன். பெங்களூருக்குக் கிளம்பவிருந்த அவர் பையைக் கீழே வைத்தார். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். கூடையில் வராமல் தப்பியவற்றைப் பொறுக்கினோம். "ஆபீஸ் போற பொண்ணு குப்பை பொறுக்குது பாரு" என்று வழியில் யாரோ சிரித்தார்கள். பெங்களூரில் இதெல்லாம் எங்கே போகிறது என்று அண்ணனைக் கேட்டேன். "சாக்கடைக்குத்தான். வேற எங்க?" என்றார்.

அடுத்த வருஷம் என் கல்யாணம். அண்ணன் டம்ளர் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாதான் கேட்டார். வேண்டாம், வாடகை டம்ளரே போதும், அதுவும் எல்லோருக்கும் ஒன்றே என்றேன்.

"அவங்க குடிச்சதுல மத்தவங்க எப்படிக் குடிப்பாங்க?"

"கோயில்ல எப்படிப்பா நன்மை வாங்கறோம்?"

அப்பா எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். அதன்பின் கல்யாணம் வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

பத்திரிகை வைக்கக் காலனிக்கு நானே போனேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். வாய் பழகிய பேரை விட்டுவிட்டு 'அக்கா' என்பதா, 'அம்மா' என்பதா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. "மழை இல்லன்னு குடும்பத்தோட பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கல்யாணத்தன்று கிணற்றடியில் டம்ளர் கழுவியது அண்ணனும் அவருடைய சிநேகிதர்களும். அத்தை ஒருவர் காப்பி தொடாமலே பஸ் ஏறிவிட்டார். மற்றவர்கள் குடித்தார்கள். பாதிப் பேர் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்பதுதான் அன்றைக்கு எனக்கு மேலும் கூச்சமாக இருந்தது.

கல்யாணமாகி நானும் பெங்களூருக்கே வந்துவிட்டேன். தெருவில் கட்டடம் எழும்புகிற இடங்களில் ஜல்லி சுமக்கிற பெண்களை நின்று பார்ப்பேன். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் எந்த ஊர் என்று கேட்பேன். தருமபுரிப் பக்கம் என்று சிலர் சொல்வார்கள். அவர் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.